குட்டி நட்சத்திரங்களின் சீற்றம்: ரேடியோ அலைகள் காட்டிக்கொடுத்தது என்ன?

ஜூன் நடுவில், இரவு பத்து மணி வாக்கில் ஜொகூரின் பாலோவில் நின்று தெற்கே பாருங்க. செம்பனை மரங்களுக்கு மேலே பளிச்சென்று தெரிவது ஆல்ஃபா சென்டாரி. அதற்குக் கொஞ்சம் தள்ளி பிராக்சிமா சென்டாரி இருக்கிறது. 4.24 ஒளியாண்டு தொலைவு; சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் அதுதான். ஆனாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல்.

மங்கல்தான், சாது இல்லை. 2019 மே 2ஆம் தேதி அதில் ஒரு பெரிய தீச்சுவாலை வெடித்ததை டெஸ் விண்கலம் பார்த்தது. அதையொட்டியே பலமான ரேடியோ வெடிப்புகளை ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி பதிவு செய்தது.

ரேடியோ என்றதும் வேற்றுக்கிரகவாசி பேசுகிறார் என்று கிளம்பிவிட வேண்டாம்! இந்தச் சிறு நட்சத்திரங்களுக்குள் வாயு கொதித்துப் புரள்கிறது. பல நட்சத்திரங்கள் வேகமாகவும் சுழல்கின்றன. அதனால் வலுவான காந்தப்புலம் உருவாகிறது. முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது எலக்ட்ரான்கள் பாய்கின்றன, ரேடியோ அலை எழுகிறது.

சரி, இதுல என்ன பிரச்சினை? பிராக்சிமா பி என்ற கோள் தன் நட்சத்திரத்தை 11 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்குதான் இடைவெளி. நட்சத்திரம் பிளாஸ்மாவை வீசினால், கோளின் காற்று மண்டலமே பறிபோகலாம்.

ஆனால் ரேடியோ வெடிப்பு கேட்டாலே பிளாஸ்மா வெளியேறியதாக அர்த்தமில்லை. வலுவான காந்தப்புலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். 2025 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு முக்கியமாவது இங்கேதான். சுமார் 130 ஒளியாண்டு தொலைவில், சூரியனில் பாதி எடையுள்ள ஒரு நட்சத்திரத்தில் எழுந்த அலையை ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி பிடித்தது. அந்த அலையின் அதிர்வெண் மளமளவென்று இறங்கியது. பிளாஸ்மா அடர்த்தி குறையக் குறைய அதிர்வெண்ணும் குறையும். அப்படியானால் ஏதோ ஒன்று வெளியே ஓடுகிறது! வேகம் விநாடிக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர்.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எல்லாக் கோள்களுக்கும் தீர்ப்பு எழுதுவது அவசரம். பிராக்சிமா பி கோளில் காற்று இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. அது நம் பார்வையில் நட்சத்திரத்தின் குறுக்கே கடப்பதாகத் தெரியவில்லை. அதனால் ஊடுருவி வரும் ஒளியை வைத்துக் காற்றைச் சோதிக்கும் வழக்கமான முறை அங்கே எடுபடாது.