திறப்பு யார் கையில்?



கரிசல் வெடித்துக் கிடக்கும் குமாரலிங்கபுரத்திலே, கொடிக்கம்பத்தடியில் கூடியிருந்த தோழர்களிடம் குர்து மக்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரியா போரிலே பற்றி எரிந்தபோது, 2012-இல் அரசுப் படை அகன்ற ஊர்களிலே மன்றங்கள் அமைத்து, 2014 ஜனவரியில் தன்னாட்சி அறிவித்தவர்கள் அவர்கள். தலைமைப் பதவிகளிலே ஆணொருவர், பெண்ணொருவர்! கோபானி நகரைக் கொலைவெறிக் கூட்டம் முற்றுகையிட்டபோது, துப்பாக்கி ஏந்தி நின்றோரிலே பெண்களும் இருந்தனர். ஆயினும் என்ன? 2018-இல் ஆப்ரின் பறிபோயிற்று. 2025 மார்ச்சில் டமாஸ்கஸ் அரசோடு இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தது. நாட்டின் சட்டத்திலே அவர்கள் ஆட்சிக்கு இடமே இருந்ததில்லை.

"சட்டத்திலே இடமிருந்தால் பிழைத்திருக்குமா, அண்ணே?" கேட்டான் ஒரு தம்பி.

அருகிலே அமர்ந்திருந்த பெரியவர், குல்லூர்சந்தை முகாமிலே வாழும் ஈழத்தமிழர், சிரித்தார். "எங்களுக்குச் சட்டப்படியே சபை இருந்தது, தம்பி. திறப்பு மட்டும் ஆளுநரிட்ட!"

திறப்பென்றால் அவர்கள் வழக்கிலே சாவி. அந்த ஒரு சொல் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

1987 ஜூலை 29-இல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்டனர். 13-ஆம் திருத்தம் பிறந்தது. வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்துக்கு 1988-இல் தேர்தலும் வந்தது. ஈராண்டுக்குள் சபை போயிற்று. 2006-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இணைப்பும் போயிற்று. 2009-இல் முள்ளிவாய்க்கால்... அதைச் சொல்லப் பேனா நடுங்குகிறது.

அந்தச் சாம்பலிலிருந்து எழுந்துதான், 2013 செப்டம்பர் 21-ஆம் நாள், வடமாகாண மக்கள் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வந்தாள். காணியை இழந்த உழவன் வந்தான். வீதியெங்கும் படைவீரர் நின்றிருக்க, 38 இடங்களில் 30-ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அளித்தார்கள்! மேனாள் நீதியரசர் விக்னேசுவரன் முதலமைச்சரானார். ஆளுநராக அமர்ந்திருந்தவரோ மேனாள் இராணுவ மேஜர் ஜெனரல்!

நிதி பற்றிய நியதிச்சட்டமா? ஆளுநர் பரிந்துரையின்றி அவையிலே வைக்கவும் இயலாது. மாகாண அலுவலர் நியமனமா? அதுவும் அவர் கையில். காணியும் காவலும்? ஏட்டிலே உண்டு; கைக்கு வந்ததில்லை. ஆளுநர் என்றதும் உங்கள் இதழோரம் ஒரு புன்னகை அரும்புகிறதே, அது எனக்குத் தெரிகிறது. 1969-இல் இராசமன்னார் குழுவை அமைத்த மண்ணுக்கு இந்த நோய் புதிதா என்ன!

நம்மவர் மீதும் குறையுண்டு. இருந்த கொஞ்ச அதிகாரத்துக்குள்ளேயே 2017 ஜூனில் தம் முதலமைச்சர் மீது தாமே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தனர். கொழும்பு கைகொட்டிச் சிரித்திருக்கும்.

அதே ஆண்டு வந்தது சூழ்ச்சி. பெண்களுக்கு இடம் ஒதுக்கப் புறப்பட்ட மசோதாவுக்குள், குழுநிலையிலே தேர்தல் முறையையே மாற்றும் திருத்தத்தைச் செருகினர். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை வகுத்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை! அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. ஏழாண்டுகள் உருண்டோடியும் தேர்தல் வரவில்லை. உறுப்பினர் இல்லாத மாகாணத்தை ஆளுநர் ஆண்டார். குர்து மக்களின் ஆட்சியைக் குலைக்கப் பீரங்கி வேண்டியிருந்தது. இங்கே அச்சு மையே போதுமானதாயிற்று!

பழைய முறைப்படி தேர்தல் நடத்த ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும். அதைக் கேட்கும் உரிமை, 1987-இல் ஒப்பமிட்ட டில்லிக்கு உண்டு. டில்லியைக் கேட்க வைக்கும் கடமை நமக்கு உண்டு. கிளைதோறும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள்.

எங்கள் ஊரிலும் கூட்டம் போடுகிறோம். 2016 முதல் 2019 வரை நம் ஊராட்சிகளிலே தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர்கள் இருந்தார்களே, 2025 ஜனவரியில் மீண்டும் அவர்களே வந்தார்களே, அது மட்டும் என்ன முறை என்று கூட்டத்திலே எவரேனும் எழுந்து கேட்கக்கூடும். கேட்கட்டும். முன்வரிசையிலே அந்தப் பெரியவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.