பெயர் ஒன்று, இலை பல

தேக்கு என்றால் என்ன என்று வினவினால் அகராதி ஒரே வரியில் விடை கூறிவிடும். தேக்கின் இலை எவ்வளவு பெரியது என்று வினவினால் ஒரு வரி போதாது. ஆனைமலையின் ஈரச் சரிவுகளில் முறம்போல் விரியும் அவ்விலை, மழை குன்றிய சமவெளியில் சிறுத்துத் தடித்து நிற்கும். இவ்வேறுபாட்டை நாம் பொருட்படுத்துவதில்லை என்பதே என் கவலை.

அகன்ற மெல்லிய இலை ஒளியை மிகுதியாக ஏற்கும். ஆயினும் வெயிலில் விரைந்து சூடேறும், நீரையும் மிகுதியாக இழக்கும். சிறிய தடித்த இலையோ வெப்பத்தைக் காற்றில் எளிதில் விட்டு, நீரைச் சிக்கனமாகச் செலவிடும். கோவை நகர் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மழையே பெறுகிறது, வால்பாறை அதைப்போல் பல மடங்கு பெறுகிறது. இரு நிலத்திற்கும் ஒரே இலை எங்ஙனம் பொருந்தும்?

இவ்வேறுபாடு நிலம் தந்ததா, விதையிலேயே அமைந்ததா? இரண்டும் உண்டு. ஒரே புங்கமரத்தில் வெயில்படும் உச்சி இலையையும் நிழலிலுள்ள கீழிலையையும் பறித்து ஒப்பிட்டால் சூழலின் ஆற்றல் விளங்கும். வெவ்வேறு நிலத்து விதைகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தால் மரபின் ஆற்றல் விளங்கும். சுவீடன் நாட்டு அறிஞர் தூரசோன் செடிகளை அவ்வாறு வளர்த்துப் பார்த்தார். இடம் மாறியும் பல வேறுபாடுகள் மாறாதிருந்ததைக் கண்டு, 1922இல் அவற்றைச் சூழலுக்கேற்ற மரபு வகைகள் என வகுத்தார். 1970களில் இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளின் தேக்கு விதைகளைப் பல நாடுகளில் நட்டு ஒப்பிட்டனர். விதையின் ஊர் வளர்ச்சியை மாற்றுவது அவற்றில் புலனாயிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. கொங்குத் தமிழும் நெல்லைத் தமிழும் ஒரே மொழிதான்; ஆயினும் ஒன்று மற்றொன்றாகாது. ஓலையையும் மடலையும் புல்லுக்கு உரியனவாகவும், இலையையும் தளிரையும் மரத்திற்கு உரியனவாகவும் பிரித்துரைத்த தொல்காப்பிய மரபியல் நமக்குரியது. அத்தகைய நுண்ணோக்கை மரம் நடும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

பீளமேட்டின் வழியே செல்லும் அவினாசிச் சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டது. சாலைப் பணிகளில் மரங்கள் வீழும்போதெல்லாம், ஈடாகக் கன்றுகள் நடுவோம் என்கிறோம். எத்தனை கன்று என்று எண்ணுகிறோம். எந்த நிலத்து விதை என்று யாரும் கேட்பதில்லை. நீரூற்றினால் எதுவும் வளராதோ என்பர் சிலர். நாம் நீரூற்றுவது சில கோடைகள். மரம் நிற்க வேண்டியதோ பல தலைமுறை. வெப்பம் மிகும் இக்காலத்தில் உள்ளூர் விதையே என்றும் போதும் என்று கூறவும் இயலாது. நம்மினும் வறண்ட நிலத்து விதையும் வேண்டப்படலாம். எதுவாயினும், அதன் பிறப்பிடம் தெரிந்தால்தானே தேர்ந்துகொள்ள இயலும்?

1988 முதல் கோவையிலேயே வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இயங்கி வருகிறது. அறிவு அருகிலேயே உள்ளது. கேட்கும் வழக்கம்தான் இல்லை. மாணவச் செல்வங்களே! அடுத்த நாட்டுநலப்பணி முகாமில் கன்றைக் கையில் வாங்கும்போது அதன் பெயரோடு ஊரையும் கேளுங்கள். இரண்டையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பின்வருவோர் அம்மரத்தின் இலையைப் பார்த்து எழுப்பும் வினாவிற்கு அந்த ஏடு விடை கூறும்.