ஜாடிக்குள் வெளிறிய கணவாய்

புலி செத்தாலும் தோலில் வரி நிற்கும். கணவாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் கொல்கத்தாவின் நியூ அலிப்பூரில் இருக்கிறது. நாட்டின் உயிரின மாதிரிகளைக் காப்பது அதன் வேலை. இப்படிப்பட்ட சேகரிப்புகளில் ஆல்கஹாலில் ஊறும் கணவாய், வெறும் வெளிறிய சதைப் பிண்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடலில் காணாமல் போகத் தெரிந்த பிராணி இதுதான் என்றால் நம்புவது கஷ்டம்.

கணவாயின் தோலில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறமிகள் நிரம்பிய நுண்ணிய பைகள் உண்டு. ஒவ்வொரு பையையும் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலத் தசைகள். மூளையிலிருந்து நரம்பு வழியே உத்தரவு வந்ததும் தசைகள் இழுக்கும். பை விரிந்து நிறம் தெரியும். தசை தளர்ந்தால் பை புள்ளியாகச் சுருங்கிவிடும். எல்லாம் ஒரு வினாடிக்குள். அடியில் ஒளியைத் திருப்பியனுப்பும் செல்கள் வேறு. தோலே முண்டும் முடிச்சுமாக எழும்பிப் பாசி படர்ந்த பாறையாகவும் தோன்றும். உத்தரவிட மூளை இல்லாதபோது இந்த வித்தை எதுவும் மிஞ்சுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கணவாய்க்கு நிறம் தெரியாது. அதன் கண்ணில் ஒரே வகை ஒளி நிறமிதான். பிறகு எப்படிச் சுற்றுப்புறத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறது? விஞ்ஞானிகளிடையே வாதம் ஓயவில்லை.

மூன்று இதயங்கள், நீல ரத்தம், எட்டுக் கைகள், இரையைப் பிடிக்க நீளும் இன்னும் இரண்டு என்று உடலமைப்பிலும் விசித்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நிறத்தை நம்ப முடியாததால், இனம் பிரிப்பவர்கள் கைகளின் உறிஞ்சிகளையும் உள்ளே இருக்கும் ஓட்டையும்தான் பார்க்கிறார்கள். தமிழக மீனவர்கள் இதை ஓட்டுக் கணவாய் என்பதும் அதனால்தான். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பதும், கிளிக் கூண்டில் தொங்குவதும் இந்த ஓடே. பெயர்தான் நுரை, பொருள் சுண்ணாம்பு. அதன் நுண்ணறைகளில் வாயுவையும் திரவத்தையும் கூட்டிக் குறைத்துக் கணவாய் மிதக்கிறது.

ஓடு மட்டும் போதுமா? இந்தியக் கடல்களில் நிறையப் பிடிபடும் 'செபியா ஃபாரோனிஸ்', ஒரே இனமல்ல, பல இனங்களின் கூட்டம் என்கின்றன மரபணு ஆய்வுகள். எது எவ்வளவு பிடிபடுகிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? பழைய ஜாடிகளைத் திறக்கலாம் என்றால், ஃபார்மலினில் பதப்படுத்திய சதையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வலையில் விழுந்த உடனே வண்ணப் படம் எடுத்து, ஃபார்மலின் படுமுன் ஒரு துண்டுச் சதையை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் உண்டு. அந்தப் படத்தில் விழுவதும் கணவாய் அந்த நேரத்துக்குப் போட்டிருக்கும் வேஷம்தான்.