சூடு என்னும் சொல்

நாமக்கல் பக்கத்தில் வெள்ளைப்படுதல் என்றாலே நாம் சொல்வது ‘உடம்புச் சூடு’. வெந்தயம், மோர், கற்றாழை. கேட்காவிட்டால் மருந்துக்கடைக் களிம்பு. சோதனையில் தொற்று ஏதும் தென்படாமல் அரிப்பும் எரிச்சலும் மாதக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையையும் ஐயுற வேண்டும். வாசனைச் சோப்பு, கிருமிநாசினி, சலவைத்தூள், மணமூட்டிய நாப்கின், ஆணுறை ரப்பர், ஏன், அந்தக் களிம்பேகூடக் காரணமாகலாம். அரிதாக விந்தின் புரதமும்.

இதைக் கண்டறிய மருத்துவர் கேட்க வேண்டும். பெண் சொல்ல வேண்டும். குட்டி ரேவதி 2002இல் தம் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டதற்கே ஆபாசம் என்று கூச்சலிட்ட இலக்கியச் சூழல் நம்முடையது. கவிஞருக்கே அந்தக் கதி என்றால், புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் பெண் எந்தச் சொல்லால் பேசுவாள்? ‘சூடு’ என்ற சொல்லை அவளுக்குக் கொடுத்தது நமது கூச்சம். வேறு சொல் தருவது எழுதுகிறவர்களாகிய நம் கடன்.