அது வெறும் எஞ்சினியரிங்காம்!

போஸ்ட்கிரெஸ் பிறந்தது பல்கலைக்கழகத்தில். 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வு. டேட்டாபேஸ் பேராசிரியர்கள் இன்னும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். பெற்றது சரி, அப்புறம் சோறு போட்டு வளர்த்தது யார்?

இன்றும் ஆய்வாளர்கள் பலர் அந்த ஓபன் சோர்ஸ் நிரலை எடுத்துத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். இத்தனை மடங்கு வேகம் என்று ஒரு வரைபடம். கட்டுரை மாநாட்டில் ஏறியதும் நிரல் அனாதை. பாதியில் கரண்ட் போனால் தரவு மிஞ்சுமா? கேட்டுப் பாருங்க, 'அது எஞ்சினியரிங் வேலை' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த வார்த்தையில்தான்.

சீரியலைசபிள் ஸ்னாப்ஷாட் ஐசொலேஷனையே எடுங்க. ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள், வரிசையாக ஓடியதுபோல முடியணும்; ஆனால் படிப்பவர் எழுதுபவரைக் காக்க வைக்கக் கூடாது. சிட்னி பல்கலைக்கழகத்தின் கேஹில், ரோம், ஃபெகெட் மூவரும் 2008இல் வழி சொன்னார்கள். அருமையான கட்டுரை, மறுக்கவில்லை. 2011இல் அதைப் போஸ்ட்கிரெஸ் 9.1க்குள் கொண்டுவந்தவர்களில் டான் போர்ட்ஸ் எம்ஐடி மாணவர். கெவின் கிரிட்னரோ விஸ்கான்சின் மாநில நீதிமன்றங்களுக்கு நிரல் எழுதியவர். நினைவகத்துக்கு வரம்பு வைத்தாலும் இது ஓடணும், ரெப்ளிகேஷனோடும் ஒத்துப்போகணும். அந்தச் சிக்கல்களோடு மல்லுக்கட்டியதை 2012இல் இருவரும் கட்டுரையாகவே எழுதினார்கள்.

இதுவும் ஆய்வு இல்லையென்றால் எதுதான் ஆய்வு, சொல்லுங்க?