முதலில் கதையா, வரலாறா?



குத்தாலத்திலிருந்து ஒரு சகோதரி வினவியுள்ளார்: "கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்து ஓராண்டு ஆகிறது. சோழர் வரலாற்று நூல்களையும், ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றையும் முடித்த பின்னரே அதைத் தொடவேண்டும் என்கிறார் என் தமையனார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு, இஷாவுக்குப் பின் அரைமணி நேரமே கிடைக்கிறது. நான் எதைப் படிப்பது?"

சகோதரியே! இன்றிரவே முதல் பாகத்தைத் திறந்து விடுங்கள்.

தமையனார் குறிப்பிடும் இரு நாவல்களும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தவை. பொன்னியின் செல்வனோ பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது. இடையே முந்நூறு ஆண்டுகள். கதைத் தொடர்ச்சி இல்லை. கல்கியும் கால வரிசைப்படி எழுதினாரல்லர். சிவகாமியின் சபதத்தின் கதை காலத்தால் முந்தியது. ஆயினும் அவர் முதலில் எழுதியது பார்த்திபன் கனவையே.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் இந்நாவல் வாரந்தோறும் வெளிவந்தது. இதழைக் காத்திருந்து வாசித்த குடும்பங்கள் எல்லாம் வரலாறு கற்ற பின்னரா கதைக்கு வந்தன? வந்தியத்தேவன் ஓலை சுமந்து சோழநாட்டுக்குள் வரும் புதியவன். அவன் வழியில் கேட்டறிவதையே நாமும் கேட்டறிகிறோம். அறியாதவர்க்கும் புரியும்படியே கதை அமைந்துள்ளது.

முன்கூட்டித் தேவைப்படுவது ஒரு துண்டுத் தாள் மட்டுமே. முதலாம் பராந்தகரின் மைந்தர்கள் இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். அரிஞ்சயரின் மைந்தர் சுந்தர சோழர். அவருடைய மக்கள் ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழி. இதை எழுதிப் புத்தகத்தினுள் வைத்துக் கொண்டால் பெயர்கள் குழப்பா.

வரலாற்றை முன்னரே படிப்பதில் ஓர் இழப்பும் உண்டு. நாவலின் மையமான குற்றம் ஒன்றில் தொடர்புடையோரைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது எக்குற்றம் என்பதை, இன்னும் படிக்காதவர்களுக்காக இங்கே எழுதாது விடுகிறேன்.

அப்படியானால் தமையனாரின் சொல்லைத் தள்ளி விடலாமா? கூடாது. வரிசையை மாற்றினால் போதும். நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பாத்திரங்கள். பழுவேட்டரையரோ உண்மையில் வாழ்ந்த குலத்தினர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமும் வந்தபின், எது மெய், எது புனைவு என்பது பலருக்கும் மயங்கிக் கிடக்கிறது. அக்குற்றம் பற்றி அறிஞர்களே வேறுபட்டனர். அரச குடும்பத்தவர் ஒருவர் மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் ஆயினும், ஆதாரமின்றி ஒருவர் மீது பழி சுமத்தலாகாது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி பணிக்கும் மார்க்கமன்றோ நம்முடையது! ஆகவே ஐந்தாம் பாகம் முடிந்ததும், பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தின் முதற் பகுதியை அவசியம் படியுங்கள். கதையில் பழகிய பெயர்கள் ஆதலால் அந்நூல் கடினமாகத் தோன்றாது.

சான்று உங்கள் குத்தாலம் வட்டத்திலேயே உண்டு. கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார், நீங்கள் நாவலில் சந்திக்கவிருக்கும் மூதாட்டியே. அச்செய்தியை அங்குள்ள கல்வெட்டு இன்றும் சொல்கிறது.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓதுக என்ற கட்டளையோடு வஹீ தொடங்கியது. தகுதி பெற்ற பின் ஓதுக என்றன்று. படிப்பு இடையில் நின்ற பெண்மக்கள் ஒரு நூலை நாடும்போது, அதன் முன்னே வேறு பத்து நூல்களை மதிலாக அடுக்காதீர்கள். மதிலைக் கண்டு திரும்பியவர் மீண்டும் நூலைத் தேடி வருவது அரிது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயன்தரும் கல்வியை அருள்வானாக! ஆமீன்.