படத்தைப் படமாகப் பார்ப்பது யாரால் முடியும்?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு படம் பார்ப்பது வழக்கம். மகள் தூங்கிய பிறகு நானும் என் இணையரும் உட்காருவோம். போன மாதம் அப்படி உட்கார்ந்தபோது அவர் 'தேவர் மகன்' போட்டார். படம் முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. மூன்று நாள் பேச்சு இல்லை.

"ஒரு படத்துக்காகவா?" என்று தோழி ஒருத்தி சிரித்தாள். அவளுக்கும், அதே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்கும் முற்போக்குத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் யார் என்று சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது. நான் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில் பிறந்தவள். அவர் ஊர்த்தெருவில், அந்தப் படம் பெயரிலேயே தாங்கி நிற்கும் சாதியில் பிறந்தவர். தாலி இல்லை, புரோகிதர் இல்லை. தோழர்கள் முன்னிலையில் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோம். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை அவருடைய அப்பா வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை. அவர் இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டும் சாவுக்கு.

முதலில் அவருடைய தரப்பை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் வந்த 'தேவர் மகன்' வன்முறையைக் கொண்டாடும் படம் அல்ல என்கிறார் அவர். அரிவாளைக் கீழே போடச் சொல்லும் படம், பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லும் படம், நாயகன் சிறைக்குப் போவதோடு முடியும் படம். திரைக்கதை, நடிப்பு, இசை எல்லாம் உச்சம், தேசிய விருது பெற்றது. "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. அதுக்காக ரசிக்கிறவனைக் குற்றவாளி ஆக்காதே. படத்தைப் படமாப் பாரு."

இதில் முதல் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படம் அரிவாளுக்கு எதிராகப் பேசுகிறது, உண்மைதான். ஆனால் அது யாருடைய அரிவாள், யார் மீது விழுகிறது? படத்தில் பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்கச் சொல்வது பெரிய வீட்டுப் பிள்ளை சக்தி. திறப்பது இசக்கி. பழிவாங்க வந்தவர்கள் வெட்டுவது இசக்கியின் கையை. கை போன பிறகும் பெரிய வீட்டின் மீது அவனுக்குக் கோபம் வருவதில்லை. கதையும் அவனோடு நிற்பதில்லை, பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. ஒரே சாதிக்குள் பங்காளிச் சண்டை ஓய வேண்டும் என்பதுதான் படத்தின் சமாதானம். இசக்கியின் கைக்கு அந்தச் சமாதானத்தில் இடமில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 'மாமன்னன்' பட விழா மேடையில் கமல்ஹாசன் முன்னிலையிலேயே, இசக்கிதான் தன் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் சொன்னார். இரண்டு பாத்திரங்களிலும் நடித்தவர் வடிவேலு. கணக்குத் தீராமல் இருந்ததால்தான் அந்தப் பேச்சு 2023-இல் அத்தனை பேரைச் சுட்டது.

"படமாப் பாரு" என்கிறாரே, நான் அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அதன் பாட்டு ஒன்றை எங்கள் காலனி முனையில் வண்டியை நிறுத்தி, ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் திருப்பிவைத்துப் போடுவார்கள். ஆண்டுக்கொரு முறை, திருவிழா ஊர்வலத்தில். பாட்டு முடியும் வரை வண்டி நகராது. அப்பா எங்களை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்துவார். வெளியே இருந்தவர்களுக்கு அது பாட்டு. உள்ளே இருந்த எங்களுக்கு அது எச்சரிக்கை. அதே தொண்ணூறுகளில்தான் தென்மாவட்டங்கள் எரிந்தன. 1995-இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997-இல் மேலவளவில், ஊராட்சித் தலைவர் பதவியில் அமர்ந்த குற்றத்துக்காக முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இவற்றையெல்லாம் ஒரு படம் செய்தது என்று நான் சொல்லவில்லை. செய்தவர்களின் வண்டியில் எந்தப் பாட்டு ஓடியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

திரையைத் தாண்டி வராத படத்தைத்தான் படமாகப் பார்க்க முடியும். அந்த வசதி அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை. இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோகச் சொல்வது, தெரு வேறுபாட்டை மறைக்கும் நாகரிகமான வழி.

ஆனால் எங்கள் சண்டை இசக்கியால் வெடிக்கவில்லை, பானுவால் வெடித்தது.

படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் படித்த சக்தி, தான் விரும்பும் பானுவை அழைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறான். உணவகம் நடத்தும் கனவோடு வந்தவன், அப்பா சாவுக்குப் பிறகு மீசையும் வேட்டியுமாக அப்பாவின் இடத்தில் உட்காருகிறான். ஊரின் மானத்தைக் காக்கப் பஞ்சவர்ணத்தை மணக்கிறான். பானு அழுதுவிட்டுப் போகிறாள். இதைத் தியாகம் என்று நம்மை நம்பவைக்கும் அளவுக்குப் படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. அதுதான் அதன் ஆபத்து. சொந்த விருப்பத்தோடு வந்த பிள்ளை, சாதிக்குள் மணம் முடித்துக் குலத்தைக் காப்பவனாக மாறுவதை 'பக்குவம்' என்று அது பெயரிடுகிறது.

அப்பா இறக்கும் காட்சியில் என் இணையர் அழுதார். நான் அழவில்லை. "இதுக்கும் அழுகை வராதா உனக்கு?" என்றார். "நான் அந்தப் படத்துல பானு. எனக்கு எதுக்கு அழுகை வரணும்?" என்றேன். அதற்குப் பிறகுதான் மூன்று நாள் மௌனம்.

அந்த மௌனத்தின் மூன்றாம் நாள் அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். படம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய அண்ணன் பேசியிருக்கிறார். அப்பாவுக்கு முடியவில்லை, பார்க்க ஆசைப்படுகிறார், வா என்று. கூடவே ஒரு வரி: "நீ மட்டும் வா." இதைச் சொல்ல முடியாமல்தான் அவர் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். அவர் அழுதது சிவாஜிக்காக அல்ல.

இங்கே நான் அவர் மீது இரக்கப்பட வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை அவர் தனக்குள் வைத்துக்கொண்டதை நான் மன்னிக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள 'பரியேறும் பெருமாள்' உதவியது. 2018-இல் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுத படம் அது. திருமண மண்டபத்தில் பரியனை அடைத்துவைத்து அடித்து, அவன் மீது சிறுநீர் கழித்த கொடுமை, அவனை அழைத்த ஜோவுக்கு அப்போது தெரியாது. பரியனும் சொல்வதில்லை. "உனக்குப் பிடிச்ச படத்துலயும் பொண்ணு ஒண்ணும் தெரியாமத்தானே இருக்கா? அவகிட்ட யாரு கேட்டாங்க, யாரு சொன்னாங்க?" என்று அவர் அன்றே கேட்டார். நான் அப்போது சண்டை போட்டேன். இன்று யோசித்தால் அவர் கேட்டது சரி. சாதி மீறிய உறவில் ஒருவர் வலியைத் தாங்குவதும், மற்றவர் எதுவும் தெரியாமல் இருப்பதும் காதல் ஆகாது. அதே அளவுகோலை இப்போது அவருக்கும் வைக்கிறேன். "நீ மட்டும் வா" என்ற சொல் எனக்கும் என் மகளுக்கும் எதிராகச் சொல்லப்பட்ட சொல். அதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர், சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்றார். அதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதோடு அவர் நிறுத்தவில்லை. சாதி செங்கல் சுவர் அல்ல, மனநிலை. அந்த மனநிலையை உண்டாக்கும் புனிதங்களை உடைக்காமல் மக்கள் மாற மாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் காலத்தில் அந்தப் புனிதத்தைச் சாத்திரங்கள் தந்தன. நம் காலத்தில் சாத்திரம் படிப்பவர் எத்தனை பேர்? 'சின்னக் கவுண்டர்' பார்த்தவர்கள், 'எஜமான்' பார்த்தவர்கள், பாலியல் வன்முறை செய்தவனையே அந்தப் பெண்ணுக்குக் கட்டிவைக்கும் தீர்ப்பை நீதி என்று காட்டிய 'நாட்டாமை' பார்த்தவர்கள் எத்தனை பேர்? பெரிய வீடு, திண்ணை, அய்யா, கை கட்டி நிற்கும் ஆட்கள் என்ற காட்சியை அன்பாகவும் பாசமாகவும் நம் நெஞ்சில் ஏற்றியவை இவை. என் இணையர் பெரியாரைப் படித்திருக்கிறார். ஆனாலும் 'ஊர்' என்றால் அவர் கண்முன் வருவது அந்தத் திண்ணைதான். அந்தச் சட்டகத்துக்கு வெளியேதான் எங்கள் காலனி இருக்கிறது.

தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் என்றால் மேடை போடுகிறோம், வாழ்த்துகிறோம், படம் எடுத்துப் பதிவிடுகிறோம். 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது. அரசு தங்கக் காசும் பணமும் தருகிறது. 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதை மறக்க முடியாது. சாதி மீறும் இணையர்களைக் காவல்துறை பாதுகாக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. அரிவாளிடமிருந்து காக்க இவையெல்லாம் தேவை, இன்னும் வலுவாகத் தேவை. ஆனால் "நீ மட்டும் வா" என்ற தொலைபேசி அழைப்புக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த அழைப்பை எடுக்கும் ஆள். அந்த ஆளைத் தயார் செய்யும் வேலையை நாம் செய்யவே இல்லை. மணமேடையோடு சாதி முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதனால் வீட்டில் படம் பார்த்துச் சண்டை போடுங்கள். எந்தப் படத்தையும் தடை செய்யச் சொல்லவில்லை, பிடித்த படத்தை வெறுக்கவும் சொல்லவில்லை. ஒன்றாகப் பாருங்கள், பாதியில் நிறுத்துங்கள், இந்தக் காட்சியில் நீ யார், நான் யார் என்று கேளுங்கள். வீட்டு அமைதிக்காக அந்தக் கேள்வியை விழுங்குபவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், அந்த அமைதிக்கும் சாதி உண்டு.

நான்காம் நாள் காலை அவர் அண்ணனைக் கூப்பிட்டார். என் முன்னால், ஸ்பீக்கரில் போட்டு. "வந்தா மூணு பேரும் வர்றோம்ணே. அப்பாகிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க." எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பார்க்கலாம்" என்றார் அண்ணன். ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. அவர் இரவில் தூங்காமல் படுத்திருப்பதை நான் பார்க்கிறேன். அது அவர் கொடுக்கும் விலை. பதினோரு ஆண்டுகளாக அந்த விலையை நான் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.